குதிரையின் மூட்டில் ஒரு சிறு துவாரம்

தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாக ஓசூர் சென்று, அங்கிருந்து மத்திகிரிப் பக்கம் திரும்பினால், 1,600 ஏக்கருக்கு மேற்பட்ட நிலப்பரப்பில் புல்வெளியும் மரச்சோலையும் பழைய கட்டடங்களுமாக விரிந்து கிடக்கும் அரசினர் கால்நடைப் பண்ணையைக் காணலாம். இன்று மாடும் ஆடும் விருத்தி செய்யும் அந்தப் பண்ணை, 1824-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பெனியாரின் ராணுவத்துக்கு வேண்டிய குதிரைகளைச் சேர்த்துப் பழக்குவதற்கென்றே தோற்றுவிக்கப்பட்டது என்பதும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அங்கே லாயங்களே பிரதானமாக இருந்தன என்பதும் இக்காலத்து இளைஞர் பலர் அறியாத செய்தி. 2004-ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் தனியே பிரியும் வரையில் ஓசூர் வட்டாரம் தர்மபுரி மாவட்டத்தைச் சேர்ந்ததாகவே இருந்தபடியால், அந்தக் குதிரைப் பண்ணையின் சரித்திரத்தையும் தர்மபுரியின் சரித்திரத்தில் ஒரு பகுதியாகக் கொள்வது பொருத்தமே.

குதிரைக்கும் இந்த மண்ணுக்கும் உள்ள சம்பந்தம் கும்பெனி காலத்தோடு தொடங்கியதும் அன்று. அதியமான்கள் அக்காலத்தில் தகடூர் எனப்பட்ட தர்மபுரியிலிருந்து ஆண்ட காலத்திலேயே, அந்தக் குடியைச் சேர்ந்தவனாகக் கருதப்படும் எழினியின் மலைக்குக் குதிரை என்ற பெயர் வழங்கியதைப் புறநானூறு காட்டுகிறது. ஹைதர் அலியின் குதிரைப் படை பாராமகால் சமவெளியில் புழுதி கிளப்பிச் சென்ற நாட்களும், 1792-இல் அந்தச் சீமை கும்பெனியார் வசமானபின் அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக வந்த தாமஸ் மன்றோவும் ஊர் ஊராகச் சுற்றி நிலத்தை அளந்து வரி வகுத்த ஆண்டுகளும் இங்கே நினைக்கத் தக்கவை. இவ்வளவு நீண்ட பழக்கம் இருந்தும், குதிரையை வாங்குவதில் காட்டிய ஆர்வத்தை அதைப் பேணுவதில் நம் நாட்டார் காட்டவில்லை என்ற பழிச்சொல்லும் பழமையானதே. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, ஆர்மஸ் முதலிய அரபு, பாரசீகத் துறைகளிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் இங்கே வந்திறங்குவதையும், அரசர்கள் பெரும்பொருள் கொடுத்து அவற்றை வாங்குவதையும் சொல்லிவிட்டு, ஆண்டு முடிவதற்குள் அவற்றில் மிகப் பல மடிந்து போகின்றன என்றும், குதிரை வைத்தியம் தெரிந்தவர் இந்நாட்டில் இல்லாததும் பராமரிக்கும் முறை அறியாததுமே அதற்குக் காரணம் என்றும், விற்பனை குறையாமல் இருக்கவேண்டி வியாபாரிகள் அத்தகைய வைத்தியர்களை இங்கே வரவிடாமல் பார்த்துக்கொண்டார்கள் என்றும் எழுதினார். தஞ்சைச் சரஸ்வதி மகாலில் அசுவ சாஸ்திரச் சுவடிகள் சித்திரங்களுடன் பாதுகாக்கப்பட்டிருப்பதைப் பார்க்கும்போது, சாஸ்திரம் நம்மிடம் இல்லாமல் இல்லை, அது லாயத்துக்கு இறங்கி வரவில்லை என்றே நினைக்கத் தோன்றுகிறது.

பழங்கதையை இவ்வளவு தூரம் எடுத்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. குதிரையின் மூட்டுக்குள் ஒரு சிறு துவாரத்தின் வழியே கருவியைச் செலுத்தி நோயைக் களையும் நவீன அறுவை முறையைப் பற்றிப் பேச வரும்போது, எல்லோருடைய வியப்பும் அந்தக் கருவியின் மேலேயே போய் நிற்கிறது. மேஜையின் மேல் நடக்கும் காரியம் ஒரு மணி நேரத்து வேலை. அதன்பின் லாயத்தில் கழியும் வாரங்களும் மாதங்களுமே அந்த ஒரு மணி நேரத்துக்குப் பயன் உண்டா இல்லையா என்பதைத் தீர்மானிக்கின்றன. அவ்வாரங்களில் மூட்டில் தோன்றும் அழற்சியைப் புரிந்துகொள்ளாதவன், தேறிவரும் குதிரையைக் கண்டு வீணாகக் கலங்குவான். அழிந்துவரும் குதிரையைக் கண்டு, போகப் போகச் சரியாகிவிடும் என்று வாளாவிருப்பான். பிந்தியது முந்தியதைவிடப் பன்மடங்கு கொடியது.

மூட்டு நோயின் துன்பத்தைத் தர்மபுரி மாவட்டத்தாருக்கு வெளியூரார் வந்து எடுத்துரைக்க வேண்டிய அவசியம் இல்லை. பாறையிலிருந்து கரைந்து கிணற்று நீரில் கலக்கும் புளோரைடு உப்பினால் பற்களில் பழுப்புக் கறை படிந்து, எலும்பும் நாரும் இறுகி, நடுவயதிலேயே முதுகும் முழங்காலும் மடங்காமற்போன மனிதர்களை இவ்வட்டாரத்துக் கிராமங்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுள்ளன. ஜப்பான் நாட்டுக் கடனுதவியுடன் நிறைவேறி 2013-இல் செயலுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் அந்தத் துயரத்தைத் தணிப்பதற்காகவே எழுந்தது. அது வேறு நோய். உப்பு எலும்பில் மெல்ல மெல்லப் படிந்து வருடக்கணக்கில் வளர்வது. நாம் இங்கே பேசும் அழற்சி மணிக்கணக்கில் எழுந்து நாட்கணக்கில் மூட்டையே குலைத்துவிடவல்லது. ஆயினும் எழுந்து நிற்க முழங்கால் மறுக்கும்போது உண்டாகும் வேதனை இன்னதென்று அறிந்தவர்களுக்கு, வாயில்லாப் பிராணி ஒன்றின் மூட்டு வலியைப் பற்றிச் சொல்வது எளிது.

450 முதல் 500 கிலோ எடையுள்ள உடலைக் குதிரை நான்கு மெல்லிய கால்களின் மேல் தாங்கி நிற்கிறது. அந்தப் பாரத்தில் ஏறத்தாழ அறுபது சதவீதம் முன்னங்கால்களின் பங்கு. நிற்கும்போது இப்படி என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தோடும்போது ஒவ்வொரு தாவலிலும் ஒரு கணம், உடலின் எடையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்ட பாரம் ஒரே ஒரு முன்னங்காலின் மேல் வந்து இறங்குகிறது. அப்போது முன்னங்கால் முட்டி, தனக்கு இயல்பான அளவைக் கடந்து பின்னோக்கி வளைய, அங்கே இரண்டு வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும் சிற்றெலும்புகளின் முன்விளிம்புகள் ஒன்றோடொன்று மோதி, சில சமயம் ஒரு சிறு சில்லு பெயர்ந்துவிடுகிறது. பந்தயக் குதிரைகளுக்கு நேரும் விபத்துகளில் இது மிகச் சாதாரணமானது. வேறு சில குதிரைகளுக்கோ ஓடத் தொடங்குமுன்பே, குட்டிப் பருவத்தில் குருத்தெலும்பு சரிவர எலும்பாக மாறாததால், பின்னங்கால் மூட்டுகளில் ஒரு துண்டு ஒட்டாமல் தளர்ந்து நின்றுவிடும்.

இப்படிப் பெயர்ந்த துண்டு மூட்டுக்குள் கிடந்தால் அது சும்மா கிடப்பதில்லை. மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வு ஓயாமல் எரிச்சலடைகிறது. அந்தச் சவ்வு சுரக்கும் மூட்டுநீர், சுகதேகியான குதிரையில் வெளிறிய வைக்கோல் நிறத்தில், முட்டையின் வெண்கருவைப் போலக் கொழகொழப்பாக இருக்கும். வைத்தியர் ஊசியில் எடுத்த ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே வைத்து மெல்லப் பிரித்தால், அது அறுந்துவிடாமல் இழையாக நீளும். அழற்சி கண்ட மூட்டின் நீரோ தண்ணீராக இளகிப் போயிருக்கும். விரலைப் பிரித்ததுமே இழை அறும். எந்த இயந்திரமும் வேண்டாத இந்தச் சிறு பரீட்சை, குருத்தெலும்புக்கு உயவாகவும் உணவாகவும் விளங்கும் திரவம் தன் சாரத்தை இழந்துவிட்டது என்பதை ஒரு நொடியில் காட்டிவிடுகிறது. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதைப் போஷிப்பது இந்த நீரே. ஆகையால் ஒரு முறை ஆழமாகத் தேய்ந்த குருத்தெலும்பு, பழையபடி முழுமையாக வளர்வதில்லை. குதிரை வைத்தியம் முழுவதிலும் மூட்டுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கப்படுவதன் காரணம் இதுவே.

மூட்டைக் கத்தியால் அகலத் திறந்து சில்லை எடுப்பதே முன்னாளைய வழக்கம். காயம் பெரிது; ஆறுவதற்கு நாள் அதிகம்; ஆறிய தழும்பு இறுகி மூட்டு மடங்காமல் போவதும் உண்டு. 1918-இல் தோக்கியோவில் கென்ஜி தகாகி என்ற மருத்துவர், சிறுநீர்ப்பையைப் பார்க்கும் குழாய்க் கருவியைக் கொண்டு இறந்துபோன மனிதர் ஒருவரின் முழங்காலுக்குள் பார்த்ததிலிருந்து வளர்ந்த உபாயமே ஆர்த்ராஸ்கோப்பி. அவருடைய வழியில் வந்த மசாகி வாத்தனாபே முதலியோர் அதை மனிதர்களுக்கு உரிய சிகிச்சையாக்கினார்கள். அதைக் குதிரைகளுக்கு உரியதாக்கி, எந்த மூட்டில் எந்த இடத்தில் துளையிட வேண்டும், எந்தக் கோணத்தில் கருவியைச் செலுத்த வேண்டும் என்பதையெல்லாம் வகுத்து 1984-இல் நூலாக வெளியிட்டவர்களில் முதன்மையானவர், நியூஸிலாந்தில் பிறந்து அமெரிக்காவின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்த வேன் மெக்கில்ரெய்த். பந்தயக் குதிரையின் முட்டியில் கற்ற பாடங்கள் பிற்பாடு மனிதரின் முழங்காலுக்கும் பயன்பட்டிருக்கின்றன. வயது முதிர்ந்தோரின் முழங்காலில் இன்று டாக்டர்கள் செலுத்தும் ஹயலூரானிக் அமில ஊசி, 1970-களில் ஓட்டப் பந்தயக் குதிரைகளின் மூட்டுகளில் பரிசோதிக்கப்பட்ட மருந்துதான். நாம் குதிரைக்குப் பட்டிருக்கும் கடன்களில் இதுவும் ஒன்று.

அறுவையின் போது குதிரைக்கு மயக்க மருந்து கொடுத்துப் பெரும்பாலும் மல்லாக்கக் கிடத்துகிறார்கள். தோலை மழித்துக் கிருமிநாசினியால் திரும்பத் திரும்பத் துடைத்தபின், மூட்டுக்குள் உப்புநீர்க் கரைசலைச் செலுத்தி அதை உப்பவைத்து, ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான வெட்டின் வழியே, 4 மில்லிமீட்டர் பருமனுள்ள குழாய்க் கருவியை நுழைக்கிறார்கள். அதன் முனையில் உள்ள கண் காண்பது திரையில் தெரியும். மற்றொரு துளையின் வழியே இடுக்கியும் சுரண்டியும் உள்ளே சென்று, சில்லைப் பற்றி வெளியே கொண்டுவந்து, அது பெயர்ந்த இடத்தைச் சுத்தம் செய்கின்றன. கடைசியில் ஏராளமான கரைசலால் மூட்டைக் கழுவி, இரண்டு மூன்று தையல் போட்டு, கட்டுக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. குதிரை எழுந்து நிற்கும் நேரமே மனத்தைப் பதறவைப்பது. மயக்கம் முற்றும் தெளியாத நிலையில், பயந்த சுபாவமுள்ள அந்தப் பெரிய பிராணி தடுமாறி எழ முயலும்போது வேறு காலை முறித்துக்கொள்ளக் கூடுமாகையால், மெத்தை தைத்த சுவர்களுள்ள அறையில் அதை விட்டிருப்பார்கள். குதிரைக்குக் கொடுக்கும் பொது மயக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று உயிரிழக்கிறது என்பது உலகெங்கும் கண்ட அனுபவம். மனிதரோடு ஒப்பிட்டால் இது மிகப் பெரிய அபாயம். துளை சிறிதாயிற்றே என்று எண்ணி, சிகிச்சையையும் சிறிதாக மதிப்பது தகாது.

இனி அழற்சிக்கு வருவோம். துளையிட்டு, உப்பவைத்து, சுரண்டி, கழுவிய மூட்டு சில நாட்களேனும் சூடாகவும் சற்றே வீங்கியும் இல்லாமல் இருப்பது அரிது. செலுத்திய கரைசலில் மிச்சமானது வடியவேண்டும். உள்ளே கசிந்த ரத்தம் கரையவேண்டும். கண்ணுக்குத் தெரியாத குருத்தெலும்புத் துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கி அகற்றவேண்டும். உடலின் இந்தத் துப்புரவுப் பணியையே நாம் வெளியிலிருந்து வீக்கம் என்று காண்கிறோம். லாயக்காரர் விடியற்காலையில் கட்டின் மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “நீர் கோத்திருக்குங்க ஐயா, ஆனா கால ஊனுது” என்று சொன்னால், டாக்டரின் முகம் மலரும். காலை ஊன்றுகிறது என்ற அந்தச் சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. வீக்கம் இருந்தாலும் குதிரை காலில் பாரத்தைப் போடுமானால், நாளுக்கு நாள் நடை சீர்படுமானால், தீவனத்தை விருப்பத்தோடு தின்னுமானால், அந்த அழற்சி தன் காரியத்தைச் செய்துகொண்டிருக்கிறது என்று பொறுத்திருக்கலாம். குளிர்ந்த நீர் அல்லது பனிக்கட்டி ஒத்தடம், சரியான இறுக்கத்தில் கட்டு, டாக்டர் எழுதிய அளவில் வலி மருந்து ஆகியவற்றுக்கே அது அடங்கும். எதிர்பார்த்ததைவிட அதிக நாள் அது நீடிக்குமானால், உள்ளே ஒரு சில்லு விடுபட்டிருக்கலாம். குருத்தெலும்பின் சேதம் முதலில் நினைத்ததைவிடப் பெரிதாயிருக்கலாம். மூட்டு வேலைக்குச் சீக்கிரமே திரும்பியதாகவும் இருக்கலாம். தோலைச் சுத்தம் செய்ய மிக நல்லதான குளோர்ஹெக்சிடின் மருந்து மூட்டுக்குள் புகுந்துவிட்டால் சவ்வையும் குருத்தெலும்பையும் புண்படுத்திவிடும் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஒரே திரவம் தோலுக்கு நன்மையும் மூட்டுக்குத் தீமையும் செய்வதால், அறுவை அறையில் ஒவ்வொரு கிண்ணத்திலும் என்ன இருக்கிறது என்பதில் அவ்வளவு எச்சரிக்கை காட்டுகிறார்கள்.

மற்றொரு அழற்சி இருக்கிறது. அது கிருமியால் வருவது. முன்கூட்டித் திட்டமிட்டுச் சுத்தமாகச் செய்யப்பட்ட ஆர்த்ராஸ்கோப்பியில் அது நூற்றுக்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவாகவே நேர்கிறது. நேர்ந்துவிட்டால் மூட்டையும், பல சமயங்களில் குதிரையையும் பலி வாங்குகிறது. தோலின் மேல் இயல்பாகவே குடியிருக்கும் ஸ்டேபிலோகாக்கஸ் வகைக் கிருமி துளையின் வழியாக உள்ளே சென்றிருக்கும். அல்லது கட்டு நனைந்து அவிழ்ந்து, தையலின் மேல் சாணமும் ஈயும் பட்டிருக்கும். முதல் இரண்டு வாரங்களுக்குள், அதுவரை ஒழுங்காகத் தேறிவந்த குதிரை திடீரென்று நொண்டத் தொடங்குகிறது. நொண்டல் என்றால் சாதாரண நொண்டல் அன்று. குளம்பின் நுனியை மட்டும் தரையில் தொட்டு, காலைத் தூக்கிப் பிடித்தபடி மூலையில் நிற்கும். மூட்டு விம்மிப் புடைத்துச் சுடும். ஜுரம் அடிக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குதிரையின் இயல்பான உஷ்ணம் 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் வரை இருக்க, ஒரே மூட்டில் தொற்றுக் கண்ட வளர்ந்த குதிரை அந்த எல்லையைத் தாண்டாமலே இருந்துவிடுவது உண்டு. தெர்மாமீட்டரை நம்பிக் காலை நம்பாமல் இருப்பவர் இங்கே ஏமாந்துபோவார்.

சந்தேகம் தோன்றிய அந்த நேரத்திலேயே மூட்டுநீரை ஊசியில் எடுத்துப் பரிசோதிக்கவேண்டும். சுகமான மூட்டில் ஒரு மைக்ரோ லிட்டர் நீரில் சில நூறு வெள்ளணுக்களுக்கு மேல் இரா. புரதமும் 100 மில்லி லிட்டருக்கு 2 கிராமுக்குள் இருக்கும். வெள்ளணுக்கள் 30,000-ஐயும் புரதம் 4 கிராமையும் கடந்து, நீர் கலங்கிப்போயிருந்தால், கிருமி என்று கொண்டு உடனே இறங்கிவிடுகிறார்கள். ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்ந்து காட்டும் வரையில் காத்திருப்பதில்லை. அறுவை நடந்த மூட்டில் தொற்று இல்லாதபோதும் அணுக்கள் ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும் என்பதால், இந்த எண்ணை மட்டும் தனியே வைத்து முடிவு செய்ய இயலாது. எண்ணும் நொண்டலும் ஒரே பக்கம் கைகாட்டுகின்றனவா என்று பார்ப்பதில்தான் வைத்தியரின் அனுபவம் வெளிப்படுகிறது. சிகிச்சை மூன்று வழியாக நடக்கும். மூட்டை மறுபடியும் கழுவவேண்டும். இதற்கும் ஆர்த்ராஸ்கோப்பே சிறந்த கருவி, ஏனெனில் உள்ளே உறைந்து ஒட்டியிருக்கும் சீழ்த்திரளைக் கண்ணால் பார்த்து அகற்ற முடியும். ரத்தத்தின் வழியாக நுண்ணுயிர்க்கொல்லி செலுத்தவேண்டும். மூட்டுக்கு மேலே ரப்பர்ப் பட்டையால் இறுக்கிக் கட்டி, கீழேயுள்ள சிரையில் மருந்தை ஏற்றி, அரைமணி நேரம் போல் அந்தப் பகுதியிலேயே அதைத் தேக்கி வைப்பதும் உண்டு. முழு உடலுக்கும் கொடுத்தால் எட்டாத செறிவில் மருந்து அப்போது மூட்டை எட்டுகிறது. இவையெல்லாம் முதல் ஓரிரு நாளில் தொடங்கினால் பல குதிரைகள் பிழைத்துப் பழையபடி ஓடுகின்றன. தாமதித்தால், கிருமியைக் கொல்லவந்த வெள்ளணுக்கள் வெளியிடும் நொதிகளே குருத்தெலும்பை அரித்துத் தின்றுவிடுகின்றன. பின்னர் கிருமி ஒழிந்தாலும் மூட்டு மீளாது.

நோயுற்ற காலோடு துன்பம் நிற்பதும் இல்லை. படுத்துக் கிடந்து இளைப்பாறும்படி குதிரையை இயற்கை படைக்கவில்லை. ஒரு காலைத் தூக்கி நின்றால் அதன் பாரம் முழுவதும் எதிர்க்காலுக்குப் போகிறது. நாட்கணக்கில் அப்படி நின்றால் எதிர்க்காலின் குளம்புக்குள் எலும்பைக் கொம்போடு பிணைத்திருக்கும் மெல்லிய அடுக்குகள் கிழிந்து, குளம்பே தளர்ந்துவிடும். 2006-ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் வென்ற பார்பரோ என்ற குதிரை அடுத்த பந்தயத்தில் பின்னங்காலை முறித்துக்கொண்டபோது, பென்ஸில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் முறிவைத் தகடும் திருகும் கொண்டு பொருத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் அதன் நலத்துக்காகப் பிரார்த்தித்தது. மற்றக் கால்களில் இந்தக் குளம்பு நோய் பரவியதால் 2007-ஆம் ஆண்டு ஜனவரி 29-ஆம் நாள் அதற்கு வேதனையற்ற முடிவைத் தர நேர்ந்தது. அங்கே நடந்தது எலும்பு முறிவு, துளை வழி அறுவை அன்று. ஆயினும் ஒரு காலின் வலியை நாள் கடத்தினால் நல்ல காலும் போய்விடும் என்பதற்கு அதைவிட உலகறிந்த உதாரணம் கிடையாது.

இத்தனை தெரிந்தபின், வலி மருந்தைப் பற்றிக் கண்டிப்பாக ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க மனம் ஒப்பவில்லை. பினைல்பூட்டசோன், புளூனிக்ஸின், மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகள் அழற்சியை அடக்கிக் குதிரைக்குப் பெரும் ஆறுதல் தருபவை. அவற்றைத் தர மறுப்பது கொடுமை. ஆனால் எழுதிய அளவுக்கு மேல், எழுதிய நாளுக்கு அப்பாலும் அவற்றைக் கொடுத்தால் வயிற்றில் புண்ணும் குடலில் அழற்சியும் சிறுநீரகத்துக்குக் கேடும் உண்டாகும். அதைக் காட்டிலும் நுட்பமான தீங்கு ஒன்று உண்டு: கிருமித் தொற்றின் முதல் அறிகுறியே நொண்டல் ஆகையால், மருந்தின் மறைவில் குதிரை ஒழுங்காக நடந்துகொண்டிருக்க, மூட்டு உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கும். நொண்டிய குதிரைக்குக் கடையில் மருந்து வாங்கிக் கொடுத்து, நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. மூட்டறுவை நடந்த குதிரையின் விஷயத்தில் அந்த ஓர் இரவே அதன் ஆயுளை நிர்ணயித்துவிடலாம். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுச் சில நாட்களிலேயே அறுவை செய்வதும், அறுவை செய்து சில நாட்களிலேயே அந்த ஊசியைப் போடுவதும் தொற்றுக்குக் கதவைத் திறந்துவிடும் என்று அறுவை நிபுணர்கள் எச்சரிப்பதும் இது பற்றியே.

பந்தயக் குதிரைகள் வாழும் பெருநகரங்களைச் சார்ந்தே இந்த அறுவை முறை வளர்ந்தது. ஆடி மாதத்தில் அந்தியூர்க் குருநாதசுவாமி கோவில் சந்தையில் ஆசையோடு வாங்கி வந்து, கல்யாண ஊர்வலத்துக்கும் வண்டிப் பந்தயத்துக்கும் குதிரை வளர்க்கும் நம் வட்டாரத்தார் அந்த நகரங்களுக்குப் போய்வருவது எளிய காரியம் அன்று. அப்படிப் போய் அறுவை முடித்துத் திரும்புவோர் வழிப்பயணத்தையும் சிகிச்சையின் பகுதியாகவே கருதவேண்டும். லாரியில் நிற்கும் குதிரை ஒவ்வொரு திருப்பத்திலும் ஒவ்வொரு பிரேக்கிலும் நான்கு கால்களையும் இறுக்கி ஊன்றித் தன்னை நிலைநிறுத்திக்கொள்கிறது. சேலம் பக்கத்திலிருந்து தொப்பூர்க் கணவாயில் ஏறி வருவோர் இதை நன்கு கவனித்திருப்பார்கள். ஆகவே டாக்டர் அனுமதித்த நாளுக்கு முன் ஏற்றலாகாது. வழியில் நிறுத்தி நிறுத்தி வரவேண்டும். வந்தபின் உலர்ந்த வைக்கோல் படுக்கை ஆழமாக இருக்கட்டும். 10 முதல் 14 நாட்களில் தையல் பிரிக்கும் வரையில் கட்டு நனையக் கூடாது. நனைந்தால் அந்த வேளையே மாற்றவேண்டும். அதன்பின் கையில் பிடித்து, சமதரையில், நாளுக்குச் சில நிமிடம் நடத்தலாம்; பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். சேதத்தின் அளவைப் பொறுத்து வேலைக்குத் திரும்ப இரண்டு மாதமும் ஆகும், நான்கு மாதமும் ஆகும். இந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் ஒரே ஆள், ஒரே விதமாக, அறுவை நடந்த மூட்டையும் எதிர்க்காலின் அதே மூட்டையும் மாறி மாறித் தொட்டுப் பார்ப்பது மிக நல்லது. ஒரு காலைத் தனியே தொட்டால் சூடு தெரிவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டால் கை சொல்லிவிடும். பின்னங்கால் மூட்டில் ஒரு சிறு நீர்க்கோப்பு வாழ்நாள் முழுவதும் நிலைத்து, நொண்டல் ஏதுமின்றி இருந்துவிடுவதும் உண்டு; அதற்காக மனத்தை வருத்திக்கொள்ள வேண்டியதில்லை.

நம் வட்டாரத்துக்கு இந்தக் கருவியின் பெரும்பயன் பந்தயச் சில்லை எடுப்பதில் இல்லை என்றே நான் எண்ணுகிறேன். ஏரிக்கரையிலும் தரிசிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கும் இந்த மாவட்டத்தில், மூட்டுக்கு நேராக ஒரு முள் குத்தினால் அதுவும் ஒரு துளை தானே! இங்கிலாந்தில் பிளாக்தார்ன் என்ற புதர்ச்செடியின் முள் பாய்ந்து வேட்டைக் குதிரைகளின் மூட்டு வீங்குவது அந்நாட்டு வைத்தியர்களுக்கு மிகப் பழக்கமான நோய். வெளியே ஊசிமுனையளவு தடம். உள்ளே மறைந்து கிடக்கும் முள்நுனியும் கிருமியும் அழற்சியை ஓயவிடுவதில்லை. எக்ஸ்ரே படத்தில் முள் விழாது. குழாய்க் கருவியை உள்ளே செலுத்திக் கண்ணால் தேடிக் கண்டெடுத்தாலன்றி அந்த மூட்டுக்கு விமோசனம் இல்லை. மூட்டின் மேல் எவ்வளவு சிறு காயம் பட்டாலும், அதிலிருந்து கொழகொழப்பான தெளிந்த நீர் ஒரு சொட்டுக் கசிந்தாலும், மஞ்சளும் எண்ணெயும் பூசிக் காத்திராமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்டவேண்டும்.

குதிரையே இல்லாத வீட்டுக்கும் இதில் ஒரு சங்கதி இருக்கிறது. பென்னாகரம், ஒகேனக்கல் காட்டோரங்களில் பிறந்து பெயர்பெற்ற ஆலம்பாடி மாட்டினத்தைக் காப்பதற்கென்று காரிமங்கலம் வட்டத்தில் ஆராய்ச்சி நிலையம் ஒன்று செயற்படுகிறது. அந்த இனமானாலும் கலப்பினமானாலும், பிறந்த கன்றின் தொப்புள்கொடி ஈரமாகவே மண்ணில் புரண்டால், அதன் வழியே புகும் கிருமி ரத்தத்தில் கலந்து முழங்கால் மூட்டுகளில் சென்று தங்கிவிடுகிறது. குதிரைக் குட்டிக்கும் இதே கதிதான். ஈன்ற ஒரு வாரத்தில் கன்று காலைத் தூக்கி நின்றால், தாய் மிதித்துவிட்டது என்று விட்டுவிடுகிறவர்கள் பலர். மூட்டைத் தொட்டுச் சூடு பார்க்கவேண்டும், தொப்புளைப் பார்க்கவேண்டும். பிறந்தவுடன் கொடியை டிங்சர் அயோடினில் நனைத்து, சீம்பாலை முதல் சில மணி நேரத்துக்குள் வயிறாரக் குடிக்கவிட்டால், அந்தத் தொற்றில் பெரும்பகுதி வராமலே நின்றுவிடும்.